ஒரு வாக்கியத்தின் விலை

கதை எழுதுகிறவர்களைத் திணற அடிப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. "உங்கள் கதை எதைப் பற்றி?" என்பதுதான் அந்தக் கேள்வி. இரண்டு வருஷம் உட்கார்ந்து நானூறு பக்கம் எழுதியவன்கூட இதற்கு நாலு வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பான். கேட்பவர் ரயிலில் எதிர் ஆசனத்துக்காரராக இருந்தால், "எல்லாம் குடும்ப விஷயந்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் படம் எடுக்கிறவராக இருந்துவிட்டாலோ, தப்ப வழியே இல்லை.

கோடம்பாக்கத்தில் இதற்கு 'ஒன் லைன்' என்று பெயர். "ஸார், ஒன் லைன் சொல்லுங்க, பிடிச்சிருந்தா முழுக் கதையும் கேட்கிறேன்" என்பார்கள். ஹாலிவுட்டில் இதையே 'லாக் லைன்' என்கிறார்கள். ஸ்டூடியோவுக்கு வந்து சேரும் கதைகளைப் பதிவேட்டில் குறிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரில் எழுதிய ஒற்றை வரியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. பெயர் எப்படி வந்திருந்தால் என்ன? காரியம் ஒன்றுதான். இரண்டு மணி நேரப் படத்தை இருபத்தைந்து வார்த்தைக்குள் அடக்க வேண்டும். கேட்டவர், "அப்புறம்?" என்று கேட்க வேண்டும்.

எழுத்தாள நண்பர்கள் பலருக்கு இது அடியோடு பிடிப்பதில்லை. "கல்யாணச் சாப்பாட்டை ஒரு மாத்திரையாக உருட்டித் தரச் சொல்கிறார்களே!" என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். இது வியாபாரிகள் கண்டுபிடித்த கொடுமை என்பது அவருடைய கட்சி. எனக்கு அந்தக் கட்சியில் சேர இஷ்டமில்லை. இந்த ஒற்றை வாக்கியத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் தத்துவ ஞானி உண்டு, நாவலாசிரியர் உண்டு, கோர்ட்டும் ஜெயிலும்கூட உண்டு.

*

முதலில் தத்துவ ஞானியைப் பார்ப்போம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கும் முன்னால் வாழ்ந்த அரிஸ்டாட்டில், கவிதை இயல் பற்றித் தாம் எழுதிய நூலில் நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறார். முதலில் கதையின் பொதுவான உருவத்தைச் சுருக்கமாக வரைந்துகொள்ள வேண்டும். கிளைச் சம்பவங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்பது அந்த யோசனை. சொன்னதோடு நிற்காமல், ஹோமரின் ஒடிஸி மகா காவியத்தையே எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறார். ஒரு மனிதன் பல வருஷங்களாக வீட்டை விட்டுப் பிரிந்து தன்னந்தனியே அலைகிறான். ஒரு தெய்வம் அவன்மீது கண் வைத்திருக்கிறது. வீட்டிலோ அவன் மனைவியை மணக்க வந்தவர்கள் சொத்தைத் தின்று தீர்த்து, மகனைக் கொல்லவும் சதி செய்கிறார்கள். புயலில் அடிபட்டு அவன் திரும்பி வந்து, தன்னை வெளிப்படுத்திக்கொண்டு, பகைவர்களை ஒழிக்கிறான். கதை இவ்வளவுதான், மற்றதெல்லாம் கிளைக் கதைகள் என்று முடித்துவிடுகிறார்.

இருபத்து நாலு காண்டங்கள் உள்ள காவியத்தை நாலைந்து வரியில் அடக்கிய அந்த மனிதர் எந்தப் பட முதலாளியிடமும் சம்பளம் வாங்கவில்லை. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதாநாயகனுடைய பெயரை அவர் சொல்லவே இல்லை. 'ஒரு மனிதன்' என்று தொடங்குகிறார். இன்றைக்கு ஹாலிவுட்டில் லாக் லைன் எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்லும் முதல் பாடமும் இதுதான். பெயரைச் சொல்லாதே, அவன் யார், என்ன நிலையில் இருக்கிறான் என்பதைச் சொல். பெயர் கேட்பவருக்கு ஒன்றையும் தெரிவிப்பதில்லை. நிலைமை எல்லாவற்றையும் தெரிவித்துவிடுகிறது.

நம் நாட்டுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. வால்மீகி ராமாயணத்தின் தொடக்கத்தில் நாரதர் முழுக் கதையையும் நூறு சுலோகத்துக்குள் வால்மீகிக்குச் சொல்லி முடித்துவிடுகிறார். காவியம் அதன் பிறகுதான் பிறக்கிறது.

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் அனுபவம் இன்னும் ருசிகரமானது. லண்டனில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை சொன்னார். தகப்பனார் காலமான பிறகு, வீட்டிலுள்ள அருமையான பழைய சாமான்கள் யாருக்கு என்பதில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை, அவ்வளவுதான் சங்கதி. ஜேம்ஸின் மனத்தில் 'தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ன்டன்' என்ற நாவல் அந்த நிமிஷமே முளைத்துவிட்டது. அந்த அம்மாளோ நிறுத்தாமல் மேலும் விவரங்களைச் சொல்லிக்கொண்டே போனார். போதும், இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும் என்று ஜேம்ஸ் உள்ளுக்குள் தவித்தாராம். நாவலின் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். என் போன்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். விதைதான் வேண்டும், மரத்தை நாமே வளர்த்துக்கொள்வோம்.

ஆகவே ஒரு வாக்கியம் என்பது கதையை விற்கிறவனுக்கு மட்டும் உரியதல்ல. கதை பிறக்கும்போதே கூடப் பிறப்பது. அதற்கு விலைச்சீட்டு ஒட்டிய பெருமைதான் சினிமாவைச் சேர்ந்தது.

*

1895-ஆம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அவற்றில் ஒன்று தோட்டக்காரன் படம். தோட்டக்காரன் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பையன் பின்னாலிருந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் ஏன் நின்றது என்று தோட்டக்காரன் குழாய்க்குள் உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். ஒரு நிமிஷங்கூட ஓடாத படம். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னாலே சிரிப்பு வரும்.

படங்கள் நீளத் தொடங்கியதும் கதைக்குப் பஞ்சம் வந்தது. படக் கம்பெனிகள் அகப்பட்ட நாவல்களையெல்லாம் கேட்காமலே எடுத்துக்கொண்டன. 1907-ல் கேலம் என்ற கம்பெனி 'பென் ஹர்' நாவலை ஒரு ரீல் படமாக்கியது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. நாவலைப் பிரசுரித்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1911-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் படக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியதைப் படமாக்குவதற்கும் எழுதியவரிடம் உரிமை வாங்க வேண்டும் என்பது அன்று உறுதியாயிற்று.

அதன் பிறகு படக் கம்பெனிகள் கதையை விலைக்கு வாங்க ஆரம்பித்தன. பள்ளிக்கூட வாத்தியார், தபால் குமாஸ்தா, வீட்டில் இருக்கும் பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் கதைச் சுருக்கம் எழுதி அனுப்பலாம் என்ற காலம் அது. அனிதா லூஸ் என்ற இளம் பெண் அப்படி அனுப்பிய 'தி நியூயார்க் ஹாட்' என்ற கதையை பயோகிராஃப் கம்பெனி 25 டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஏழைப் பெண் ஒருத்திக்கு ஊர்ப் பாதிரியார் விலை உயர்ந்த தொப்பி ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார். ஊர் வாய் சும்மா இருக்குமா? அதுதான் கதை. 1912-ல் கிரிஃபித் அதைப் படமாக்கினார். மேரி பிக்ஃபோர்டு நடித்தார். தொப்பிதான் கதையின் உயிர் என்பதைப் பாருங்கள். தொப்பியை எடுத்துவிட்டால் அதில் ஒன்றுமே மிஞ்சாது.

பிறகு பெரிய ஸ்டூடியோக்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கதை இலாகா ஏற்பட்டது. நாவல், நாடகம், பத்திரிகைக் கதை என்று வந்து குவிந்ததையெல்லாம் படித்து, சுருக்கமும் அபிப்பிராயமும் எழுதி மேலே அனுப்புவதற்கென்று சிலர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கதையைப் படிக்கமாட்டார். அவர்கள் எழுதியதைத்தான் படிப்பார். அந்தப் பெயர் தெரியாத வாசகர்களின் கையில் எத்தனையோ எழுத்தாளர்களின் தலைவிதி இருந்தது.

1941 டிசம்பரில், பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள், வார்னர் ஸ்டூடியோவின் கதை இலாகாவுக்கு ஒரு நாடகப் பிரதி வந்து சேர்ந்தது. மரே பர்னட், ஜோன் ஆலிஸன் என்ற இருவர் எழுதிய 'எவ்ரிபடி கம்ஸ் டு ரிக்ஸ்' என்ற அந்த நாடகம் எந்த மேடையும் ஏறாதது. ஸ்டீபன் கார்னாட் என்ற வாசகர் அதைப் படித்தார். நாகரிகமான மசாலா என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை எழுதினாலும், காலத்துக்கு ஏற்ற கதை, போகார்ட் போன்றவர் நடித்தால் பொருந்தும் என்றும் குறித்தார். கதை இலாகாவின் தலைமையில் இருந்த ஐரீன் லீ அதை வாங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். 20,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அதுதான் 'காஸாபிளாங்கா'. காதலில் அடிபட்டு உலகத்தையே வெறுத்துவிட்ட ஒரு ஹோட்டல்காரன், தன்னைக் கைவிட்ட காதலியையும் அவள் கணவனையும் தப்ப வைக்கும் சீட்டு தன் கையிலேயே இருப்பதைக் காண்கிறான். இதைக் கேட்டு, "அப்புறம்?" என்று கேட்காதவர்கள் உண்டா?

*

இனி கோர்ட்டுக்குப் போவோம். அங்கேதான் இந்த வாக்கியத்தின் விலை உண்மையில் தெரிய வந்தது.

1925 ஜனவரி 30-ந் தேதி, அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஃப்ளாய்டு காலின்ஸ் என்பவர் ஒரு குகைக்குள் ஊர்ந்து போனபோது காலில் கல் விழுந்து சிக்கிக்கொண்டார். பத்திரிகைகளில் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டு வந்து, அந்த இடமே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தின்பண்டக் கடைகள்கூட வந்துவிட்டன. ஸ்கீட்ஸ் மில்லர் என்ற ஒல்லியான நிருபர் மட்டும் குகைக்குள் ஊர்ந்து போய், சிக்கியவருக்கு ஆகாரம் கொடுத்து, பேசிவிட்டு வந்து எழுதினார். அதற்காக அவருக்கு மறுவருஷம் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. காலின்ஸை உயிரோடு மீட்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆகி அவரை நெருங்கியபோது உயிர் போயிருந்தது.

விக்டர் டெஸ்னி என்ற எழுத்தாளர் இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கதை தயாரித்தார். 1949 நவம்பரில் பேர்போன டைரக்டர் பில்லி வைல்டரின் ஆபீசுக்கு டெலிபோன் செய்தார். காரியதரிசி எடுத்தார். டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்றார் இவர். என்ன விஷயம் என்று கேட்டார் அந்த அம்மாள். கதையைச் சொன்னார். அது 65 பக்கம் என்றதும், அவ்வளவு நீளத்தை அவர் படிக்கமாட்டார், மூன்று நாலு பக்கமாகச் சுருக்கிக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. டெஸ்னி சுருக்கினார். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். டெலிபோனிலேயே வாசியுங்கள் என்றார் காரியதரிசி. இவர் வாசிக்க வாசிக்க அங்கே சுருக்கெழுத்தில் எழுதிக்கொள்ளப்பட்டது. வாசித்து முடித்ததும் டெஸ்னி ஒன்று சொன்னார்: இந்தக் கதையைப் பயன்படுத்தினால் எனக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கென்ன, பயன்படுத்தினால் கொடுத்துவிடுவோம் என்ற பொருளில் பதில் கிடைத்தது. இவையெல்லாம் டெஸ்னி கோர்ட்டில் சொன்னவை.

1951-ல் வைல்டரின் 'ஏஸ் இன் தி ஹோல்' படம் வெளிவந்தது. குகையில் சிக்கிக்கொண்ட ஒருவனை மீட்கும் வேலையை, தன் செய்தி பல நாள் ஓட வேண்டும் என்பதற்காகவே தாமதப்படுத்துகிறான் ஒரு நிருபன். கிர்க் டக்ளஸ் நடித்த இந்தப் படம் அப்போது வசூலில் தோற்றது. பிற்காலத்தில் உயர்ந்த படம் என்று பெயர் வாங்கியது. டெஸ்னி வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட் விசாரணையே தேவையில்லை என்று தள்ளிவிட்டது. அவர் விடவில்லை. வழக்கு கலிபோர்னியா மாகாணத்தின் சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று.

1956-ல் வந்த அந்தத் தீர்ப்பு படிக்கப் படிக்கச் சுவையாக இருக்கிறது. கருத்து என்பது பொதுவாகக் காற்றைப் போன்றது. யாருக்கும் சொந்தமல்ல என்கிறார் நீதிபதி. ஆனால் காற்றுக்கும் விலை உண்டு என்று உடனே சேர்க்கிறார். கடலின் ஆழத்தில் மூழ்குகிறவனும், வானத்தின் உயரத்தில் பறக்கிறவனும் காற்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டுதானே போக வேண்டும்? அதுபோல, பணம் தருவதாக ஒப்புக்கொண்டு ஒருவன் கருத்தை வாங்கிக்கொண்டால், அது வாயால் சொன்ன கருத்தானாலும் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆகவே விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பிறகு விஷயம் சமரசத்தில் முடிந்தது.

அதே தீர்ப்பில் எழுத்தாளர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பேரம் பேசாமல் முதலில் கதையை உளறிக் கொட்டிவிட்டு, பிறகு பேரத்துக்கு வழியில்லாமல் போயிற்றே என்று புலம்புகிறவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். டெஸ்னி பிழைத்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். கதையின் வாக்கியத்தால் அல்ல, 'பணம் கொடுக்க வேண்டும்' என்று சொன்ன வாக்கியத்தால்.

அதே 1956-ல் நம் நாட்டிலும் இதற்கு ஜோடியான விவகாரம் ஒன்று தொடங்கியது. டில்லியில் ஆர். ஜி. ஆனந்த் என்ற கட்டட நிபுணர், நாடகமும் எழுதுகிறவர், 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை 1954-ல் மேடை ஏற்றினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, சென்னைக் குடும்பம் ஒன்று; பக்கத்துப் பக்கத்து வீடு; பிள்ளையும் பெண்ணும் காதலிக்கிறார்கள்; அதுவரை சிநேகமாக இருந்த தகப்பனார்கள் மாகாணத்தின் பெயரால் முறைத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கும் மோகன் ஸேகல் 1955-ல் டில்லிக்கு வந்து முழு நாடகத்தையும் ஆனந்த் வாசிக்கக் கேட்டார். ஒப்பந்தம் ஒன்றும் ஏற்படவில்லை. 1956-ல் ஸேகலின் 'நியூ டெல்லி' படம் வெளிவந்தது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பிள்ளை. வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். பஞ்சாபிக்கு யாரும் வீடு தராததால் தமிழன் வேஷம் போட்டு வீடு பிடிக்கிறான் கதாநாயகன்.

ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார், ஹைகோர்ட்டில் தோற்றார், 1978-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார். கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது. அதைச் சொல்லும் முறைக்குத்தான் உண்டு என்றது கோர்ட். நாடகத்தையும் படத்தையும் பார்த்த சாதாரண மனிதனுக்கு ஒன்று மற்றொன்றின் நகல் என்று தோன்ற வேண்டும். நாடகத்தில் மாகாணப் பற்று கல்யாண விஷயத்தில் மட்டும் வருகிறது. படத்திலோ வீடு வாடகைக்கு விடுவதிலும் வருகிறது. வரதட்சணைக் கொடுமை வேறு இருக்கிறது. ஆகவே இரண்டும் வேறு வேறு என்பது தீர்ப்பு. இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த இந்தத் தீர்ப்பைத்தான் இன்றைக்கும் இந்தியாவில் கதைத் திருட்டு வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. டெஸ்னியிடம் இருந்தது நாலு பக்கம். ஆனந்திடம் இருந்தது முழு நாடகம். நாலு பக்கக்காரருக்கு வழி பிறந்தது. முழு நாடகக்காரருக்குப் பிறக்கவில்லை. எவ்வளவு எழுதினார்கள் என்பதல்ல விஷயம். ஒருவர் கதவைத் திறப்பதற்கு முன்னால் நிபந்தனை சொன்னார். மற்றவர் விருந்தாளிக்கு விரித்த பாயில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். எழுத்தாளனுக்கு இரண்டாவதுதான் சுபாவம். அதனால்தான் மனம் அவர் பக்கம் சாய்கிறது.

*

அந்த 1956-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு.

அமெரிக்க அகாடமி பரிசில் முன்பெல்லாம் திரைக்கதைக்கு ஒரு பரிசும், மூலக் கதைக்கு என்று தனியாக ஒரு பரிசும் கொடுத்தார்கள். 1929-ல் நடந்த முதல் விழாவில் 'அண்டர்வேர்ல்டு' படத்தின் கதைக்காக அதைப் பெற்றவர் பென் ஹெக்ட். கருவைத் தந்தவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும் என்று அந்த ஊரே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

1953-ல் 'ரோமன் ஹாலிடே' வந்தது. அரசாங்கச் சுற்றுப்பயணத்தில் சலித்துப்போன ஓர் இளவரசி அரண்மனையை விட்டு ஒரு நாள் நழுவுகிறாள். அவள் யார் என்று தெரிந்தும் தெரியாதது போல் கூடவே சுற்றுகிறான் ஒரு நிருபன். செய்திக்காகச் சுற்றியவன் காதலில் விழுகிறான். இந்தக் கதைக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் சொன்ன பெயர் இயான் மெக்லெல்லன் ஹன்டர். உண்மையில் எழுதியவர் டால்டன் ட்ரம்போ. கம்யூனிஸ்டுகளைப் பற்றி அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் 1950-ல் ஜெயிலுக்குப் போனவர். வெளியே வந்தாலும் அவருக்கு எந்த ஸ்டூடியோவும் வேலை கொடுக்காது. நண்பரின் பெயரில்தான் கதையை விற்க முடிந்தது.

1956-ஆம் வருஷப் படங்களுக்கான விழா 1957 மார்ச்சில் நடந்தது. மூலக் கதைக்கான பரிசு 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு என்று அறிவித்தார்கள். செல்லமாக வளர்த்த காளையைக் காளைச் சண்டை மைதானத்துக்குக் கொண்டுபோய்விட, அதைக் காப்பாற்ற ஓடும் மெக்ஸிகோச் சிறுவனின் கதை. எழுதியவர் ராபர்ட் ரிச் என்றார்கள். அந்த ரிச் எழுந்து வரவில்லை. அப்படி ஓர் எழுத்தாளரே இல்லை! அதுவும் ட்ரம்போதான். அந்த வருஷத்தோடு மூலக் கதைக்கான தனிப் பரிசையே எடுத்துவிட்டார்கள். முதலில் ஹெக்டின் கையில் ஏறிய பரிசு, கடைசியில் இல்லாத ஒருவரின் பெயரில் முடிந்தது.

1975-ல் அகாடமி ட்ரம்போவிடம் 'தி பிரேவ் ஒன்' பரிசைக் கொடுத்தது. மறுவருஷம் அவர் காலமானார். 'ரோமன் ஹாலிடே' பரிசு 1993-ல் அவருடைய மனைவியின் கைக்கு வந்தது. ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய கதை, தன் சொந்தக்காரரின் வீட்டுக்கு வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று.

*

டெலிவிஷன் வந்த பிறகு ஒற்றை வாக்கியத்தின் அதிகாரம் இன்னும் கூடியது. பத்திரிகையில் நிகழ்ச்சி நிரல் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு வரிதான் இடம். 1964-ல் ஜீன் ராடன்பரி 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு யோசனை எழுதியபோது, 'வேகன் டிரெயின்' என்ற பிரபலமான தொடரை ஒப்பிட்டு, அதே மாதிரி, ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவில் என்று விளக்கினார். கூண்டு வண்டிகளில் மேற்கே போனவர்களைப் பார்த்துப் பழகிய முதலாளிகளுக்கு விண்வெளியும் உடனே புரிந்தது. தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விற்கும் இந்த வித்தை பிறகு தொழிலாகவே ஆகிவிட்டது. 1992-ல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'தி பிளேயர்' இதையே கேலி செய்தது. கதை கேட்பதே உத்தியோகமாக உள்ள ஒரு ஸ்டூடியோ அதிகாரி ஓர் எழுத்தாளனைக் கொன்றுவிடுகிறான் என்பது அதன் கதை. எழுத்தாளர்கள் பலர் அதை வெறும் கற்பனை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, நல்ல வாக்கியம் எப்படி இருக்கும்? இத்தனை உதாரணங்களையும் கூட்டிப் பார்த்தால் நாலு அங்கங்கள் தெரிகின்றன. யார்? அவனுக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? தவறினால் என்ன ஆகும்? இவை நாலும் எலும்பு. உயிர் கொடுப்பது ஐந்தாவதாக ஒன்று, அதுதான் முரண். இளவரசிக்கு வேண்டியது ஒரு நாள் சாதாரண வாழ்வு. நிருபனுக்கு வேண்டியது அந்த இளவரசியின் அந்தரங்கம். காப்பாற்ற வேண்டிய நிருபனே மீட்பைத் தாமதப்படுத்துகிறான். முரண் இல்லாத வாக்கியம் செய்தி. முரண் இருந்தால் கதை.

டி ஸிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948-ல் வந்தது. சைக்கிள் இருந்தால்தான் வேலை என்ற நிபந்தனையில் வேலை கிடைத்த ஏழைத் தொழிலாளியின் சைக்கிள் முதல் நாளே திருட்டுப் போகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு ரோம் நகரமெங்கும் தேடுகிறான். இதைவிட எளிய வாக்கியம் எங்கே கிடைக்கும்? 'முதல் நாளே' என்ற இரண்டு வார்த்தையில் எவ்வளவு பாரம் இருக்கிறது! ஹாலிவுட் முதலாளி ஸெல்ஸ்னிக் இதற்குப் பணம் போட முன்வந்து, கதாநாயகனாக கேரி கிராண்ட் வேண்டும் என்றாராம். டி ஸிகா மறுத்துவிட்டு, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். ஒரே வாக்கியத்தை இருவர் கேட்டால் இரண்டு படம் தெரிகிறது!

வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1939-ல் வந்த 'தி விஸார்டு ஆஃப் ஆஸ்' குழந்தைகள் விரும்பும் படம். 1998-ல் கலிபோர்னியாப் பத்திரிகை ஒன்றின் நிகழ்ச்சி நிரலில் ஒரு குறும்புக்காரர் அதற்கு இப்படி வரி எழுதினார்: விசித்திரமான நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சிறுமி முதலில் சந்தித்தவளைக் கொன்றுவிட்டு, முன்பின் தெரியாத மூன்று பேருடன் சேர்ந்து மறுபடியும் கொல்லக் கிளம்புகிறாள் என்ற அர்த்தத்தில். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அது அந்தப் படமும் இல்லை. அந்தச் சிறுமி வீட்டுக்குப் போக ஏங்குகிறாள் என்பதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்பதைச் சொல்லி, எதற்காக என்பதை விட்டுவிட்டால் மிஞ்சுவது எலும்புக்கூடு.

எல்லாக் கதையும் இந்தப் படிக்குள் அடங்கிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்காகப் பட முதலாளிகளிடம் அலைந்தபோது அவர் கையில் இருந்தது படங்களாக வரைந்த ஒரு நோட்டுப் புத்தகம். யாரும் முன்வரவில்லை. கிராமத்து ஏழைக் குடும்பம் ஒன்று, கடைசியில் ஊரை விட்டுப் போகிறது என்று சொன்னால் யார் பணம் போடுவார்கள்? மழையையும், நாணல் காட்டையும், ரயிலைப் பார்க்க ஓடும் குழந்தைகளையும் எந்த வாக்கியத்தில் வைப்பது? மேற்கு வங்காள அரசாங்கம் பணம் கொடுத்து, 1955-ல் படம் வந்தது. வாக்கியத்தில் சிக்காத கதையும் கதைதான். அதற்கு வேண்டியது வேறு வகையான கேட்பவர்.

ஆனாலும் கதையோடு படிக்கட்டு ஏறும் இளம் நண்பர்களுக்கு, இந்தச் சரித்திரத்திலிருந்து சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வாக்கியத்தை வாயில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் காகிதத்தில் எழுதுங்கள். அதோடு நிற்காமல் முழுக் கதையையும் எழுதி முடியுங்கள். கோர்ட் காப்பாற்றுவது எழுதியதைத்தான். அமெரிக்காவில் எழுத்தாளர் சங்கம் 1927 முதல் கதைகளைப் பதிவு செய்து வருகிறது. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கமும் பதிவு செய்கிறது. முதலில் அங்கே போய்த் தேதியோடு பதிந்துகொள்ளுங்கள். அப்புறம் பட முதலாளியின் அறைக்குள் போய், சம்பளம் எவ்வளவு என்பதைப் பேசுங்கள். "ஒன் லைன் சொல்லுங்க" என்பார். அதற்குப் பிறகு தாராளமாகச் சொல்லலாம்.